எங்கே தேடினீர்கள்?

தமிழில் மிக மலிவான சொல் எது என்று கேட்டால் 'இல்லை' என்பேன். சில்லறை இல்லை. ஸ்டாக் இல்லை. ஐயா சீட்ல இல்லை. மளிகைக் கடையில் போய் 'கருப்பட்டி இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இல்லை என்பார். உண்டு என்று சொன்னால் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். இல்லை என்பதற்கு ஒரு செலவும் கிடையாது, உதட்டைப் பிதுக்கினால் போதும்.

கம்ப்யூட்டருக்கு அந்த சௌகரியம் கிடையாது. புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். 'சம்பளம்' என்று ஒரு பெயர், அதற்குள் ஓர் எண். நூறு வரி தள்ளி 'சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்துக்கொள்' என்று கட்டளை வரும்போது, அப்படி ஒரு பெயரே இதுவரை வைக்கப்படவில்லை என்றால் புரோகிராம் அங்கேயே படுத்துவிடும். அதனால் முன்ஜாக்கிரதையாக, 'இந்தப் பெயரில் ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்டுக்கொள்ள அநேகமாக எல்லா கணினி மொழிகளிலும் ஏதாவது ஒரு வழி உண்டு.

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. உள்ளே போனால் விவகாரம்.

'ஆர்' என்று ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட கணினி மொழி ஒன்று இருக்கிறது. 1990களில் நியூஸிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் உருவாக்கியது. உலகம் முழுக்கப் புள்ளியியல்காரர்கள் அதில் குடித்தனம் நடத்துகிறார்கள். அதில் 'எக்ஸிஸ்ட்ஸ்' என்று ஒரு கட்டளை. ஒரு பெயரைக் கொடுத்தால் உண்டு அல்லது இல்லை என்று பதில் சொல்லும். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் 'டேட்டா' என்ற பெயரில் எதையுமே உருவாக்கியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் கேட்டால் 'உண்டு' என்று சாதிக்கும். பொய்யில்லை. நீங்கள் நின்ற இடத்தில் அந்தப் பெயர் இல்லையென்றதும் அது வெளித் திண்ணைக்குப் போய்ப் பார்க்கிறது, அங்கேயும் இல்லையென்றால் தெருவில், பிறகு ஊரில். இப்படித் தேடிக்கொண்டே போய், அந்த மொழியோடு கூடவே வருகிற 'டேட்டா' என்ற வேறொரு சாமானைக் கண்டுபிடித்துவிட்டு 'இருக்குங்க' என்கிறது. ஊருக்கு ஐந்து முருகன் இருந்தால் தபால்காரர் படுகிற பாடுதான்.

அதனால் அந்தக் கட்டளையிலேயே இரண்டு துணைக் கேள்விகளைச் சேர்த்துக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள். எங்கே தேட வேண்டும், இந்த அறைக்குள் மட்டுமா, வெளியிலும் போகலாமா? எந்த மாதிரி சாமானைத் தேடுகிறோம், எண்ணா, கட்டளையா? இந்த இரண்டையும் சொல்லாமல் 'இருக்கா?' என்று கேட்டால் வருகிற பதிலுக்கு முழு அர்த்தம் கிடையாது. இதோடு போகவில்லை. டப்பா இருக்கும், பருப்பு இருக்காது. அதாவது பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அது உண்டா இல்லையா? இதில் கணினி மொழிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 'பி.எச்.பி' என்ற மொழியில் இருக்கும் 'இஸ்செட்', டப்பா இருந்தும் உள்ளே வெறுமை என்றால் 'இல்லை' என்றே சொல்லிவிடும். அதே மொழியில் இன்னொரு கட்டளை, டப்பா இருந்தால் போதும், உண்டு என்கும். நம் வீடுகளிலும் இந்த விஷயத்தில் மாமியார் ஒன்று சொல்வார், மருமகள் ஒன்று சொல்வார்.

இதற்கு கம்ப்யூட்டரே வேண்டாம். கடலூர் மாவட்டத்தில் அண்ணாகிராமம் இருக்கிறதா என்று ஒருவர் தேடுவதாக வைத்துக்கொள்வோம். மாவட்டத்தில் 10 வட்டங்கள். கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, சிதம்பரம் என்று வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் அண்ணாகிராமம் வராது. சட்டமன்றத் தொகுதிகளைப் பார்க்கலாம். ஒன்பது தொகுதிகள், அதிலும் வராது. ஆக, அப்படி ஓர் ஊரே இல்லை என்று எழுதிவிடலாமா? ஊராட்சி ஒன்றியங்களின் பட்டியலை எடுத்தால் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, அண்ணாகிராமம் ஒன்றியம். வட்டம் என்ற கணக்கில் அது பண்ருட்டிக்குள் அடக்கம். பட்டா வேண்டுமென்றால் ஒரு ஊர் ஆபீஸ், கிராமத்துக்கு சாலை வேண்டுமென்றால் வேறொரு ஆபீஸ் என்று அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். வெளியூர்க்காரர்தான் தப்பான பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 'அப்படி ஒண்ணும் இல்லையே சார்' என்பார்.

இதே பண்ருட்டி வட்டத்தில்தான் திருத்துறையூர் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் வாழ்ந்த ஊர். ஆகமங்கள் எல்லாம் தெரிந்தவர் என்பதால் சகலாகம பண்டிதர் என்று பெயர். தன்னை விட வயதில் மிகச் சிறியவரான மெய்கண்டாரைத் திருவெண்ணெய்நல்லூரில் பார்க்கப் போனார் என்றும், 'ஆணவம் எப்படி இருக்கும்?' என்று கேட்டார் என்றும், பதில் சொல்லாமல் மெய்கண்டார் அவரையே மேலும் கீழும் பார்த்தார் என்றும் சைவ மரபில் ஒரு கதை உண்டு. தேடின பொருள் தேடினவரிடமே இருந்தது. அந்த இடத்திலேயே சீடராகிவிட்டார்.

அவர் எழுதிய சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில், கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அளவைகளைப் பற்றிப் பேசுகிறார். அதாவது ஒரு விஷயம் உண்மை என்று நமக்கு எப்படித் தெரிகிறது, எதை வைத்து அளக்கிறோம். கண்ணால் காண்பது, ஊகிப்பது, பெரியவர்கள் சொன்ன சொல் என்கிற பட்டியலில் 'அபாவம்' என்றும் ஒன்று வருகிறது. அபாவம் என்றால் இன்மை. ஒன்று இல்லை என்பதும் ஓர் அறிவுதான், அதற்கும் ஒரு அளவுகோல் வேண்டும் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொல்வதையும் பட்டியலில் சேர்த்துச் சொல்லிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும் என்று முடிக்கிறார் அருணந்தி. அவருக்கும் பல நூற்றாண்டு முன்னால் மணிமேகலை வஞ்சி நகரத்தில் சமயவாதிகளிடம் போய்க் கேட்டபோது சொல்லப்பட்ட அளவைகளிலும் அபாவம் உண்டு. 'இல்லை' என்ற சொல்லுக்கு இத்தனை மரியாதை இருந்திருக்கிறது.

தருக்க நூல்களின் வழக்கமான உதாரணம் குடம். 'குடம் இல்லை' என்று மொட்டையாகச் சொல்ல தருக்கக்காரர் விடமாட்டார். எந்தக் குடம், எந்தத் தரையில் என்று இரண்டையும் சொன்னால்தான் வாக்கியம் முடியும். ஆர் மொழியின் துணைக் கேள்விகள் இரண்டும் இங்கேயே இருக்கின்றன. இல்லாமையில் வகை வேறு பிரித்திருக்கிறார்கள். இனிமேல்தான் உண்டாகப் போகிறது என்பதால் இப்போது இல்லை, அது ஒன்று. இருந்து அழிந்தது இன்னொன்று. முயல்கொம்பு மாதிரி எப்போதுமே இல்லாதது வேறு. இது அதுவல்ல என்பது நாலாவது. உதாரணத்துக்கு பண்ருட்டியைத் தாண்டிப் போக வேண்டாம். 2006 தேர்தல் வரை நெல்லிக்குப்பம் என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது, 2008 மறுசீரமைப்பில் போய்விட்டது. அதே மறுசீரமைப்பில் நெய்வேலி தொகுதி பிறந்தது. 2006 தேர்தல் பட்டியலில் நெய்வேலி இல்லை, 2011 பட்டியலில் நெல்லிக்குப்பம் இல்லை. இரண்டும் 'இல்லை'தான். ஒன்று கருவில் இருந்த இல்லை, மற்றது காரியம் முடிந்த இல்லை. புரோகிராமர்களும் இந்த வித்தியாசத்தில்தான் தலைமுடியைப் பிய்த்துக்கொள்வார்கள். இன்னும் பெயர் வைக்கவில்லையா, வைத்துவிட்டு யாரோ அழித்துவிட்டார்களா?

இதில் என்னை உட்கார வைத்த இடம் வேறு. 7ஆம் நூற்றாண்டு மீமாம்சகரான குமாரில பட்டரின் வழி வந்தவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். காணவில்லை என்பதாலேயே இல்லை என்று ஆகாது. இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்ற நிலைமை இருந்தால்தான் காணாமை சாட்சியாகும். வெளிச்சமான அறை, கண்ணில் கோளாறு இல்லை, குடமும் கண்ணுக்குத் தெரிகிற அளவு. அப்போது பார்த்து, தெரியவில்லை என்றால், இல்லை. கரண்ட் போன அறையில் எட்டிப் பார்த்துவிட்டு 'குடம் இல்லீங்க' என்றால் செல்லாது. எவ்வளவு சாதாரணமான பேச்சு! ஆனால் நம் ஆபீஸ்களில் பாதி 'இல்லை'கள் இருட்டறையில் சொல்லப்பட்டவை.

சட்டத்துக்கு இது தெரியும். 1872 இந்திய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 111ஆக மாறியிருக்கிறது. ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகளாகத் தகவல் இல்லையென்றால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது. நமக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதில் யாருக்குத் தகவல் இல்லை என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்குச் சேதி தெரிந்திருக்குமோ, அவர்களுக்கு. பெண்டாட்டி, பிள்ளை, கூடப்பிறந்தவர். தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்கு ஏழு வருஷமாகத் தகவல் இல்லை என்றால் யாரும் சாக மாட்டார்கள். குமாரில பட்டர் படித்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இப்போது அண்ணாகிராமம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், முந்திரித் தோப்பு வைத்திருப்பவர், இ-சேவை மையத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டூலில் உட்காருகிறார். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண் பெயரை அடித்துப் பார்க்கிறாள்.

"பேரு வரல தாத்தா."

"நல்லாப் பாரு பாப்பா. போன வருஷம் இருந்துச்சே."

"பாத்துட்டேன் தாத்தா, இல்ல."

அவள் பொய் சொல்லவில்லை, சோம்பேறியும் இல்லை. ஆனால் என்ன அடித்தாள்? பெரியவர் பெயர் கோவிந்தன் என்றால் இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா? அதற்குப் பின் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளி? பட்டாவில் கோவிந்தசாமியாக இருக்கிறாரா? லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத நம் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் ரேஷன் கடைகளும் ஆளுக்கொரு ஸ்பெல்லிங் வைத்திருக்கின்றன, ஒரே அம்மாளுக்கு நாலு அட்டையில் நாலு லட்சுமி. சரி, தமிழிலேயே தேடலாம் என்றால் அங்கேயும் கண்ணி இருக்கிறது. 'ஔவை' என்று எழுத ஔ என்ற ஒரே எழுத்தை அடிக்கலாம். ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டு 'ஒளவை' என்றும் அடிக்கலாம், நிறையப் பேர் அடிக்கிறார்கள். உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒரே கிழவி. கணினிக்கு இவர் வேறு, அவர் வேறு. 'கோ'வில் வரும் துணையெழுத்தைக்கூட ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதியலாம். தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதத் தெரிந்த புரோகிராமர் எழுதியிருந்தால் பெரியவர் இருக்கிறார். அவசரக்காரர் எழுதியிருந்தால் இல்லை. இதில் பெரியவர் செய்யக்கூடியது எதுவும் கிடையாது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைத் தவிர.

அறை வெளிச்சமாக இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். 'உங்கள் பெயர் இல்லை' என்று திரை சொல்வதன் முழு அர்த்தம், 'இந்தப் பட்டியலில், இந்த எழுத்துக்கூட்டலில், எனக்குத் தெரிந்த வரை அகப்படவில்லை' என்பதுதான். வாக்கியத்தின் முதல் பாதியைக் கத்தரித்துவிட்டு வாலை மட்டும் கையில் கொடுக்கிறோம். பெரியவர் அதைத் தலைவிதி என்று வாங்கிக்கொண்டு போகிறார்.

ஒரு தாளை அழித்தால் விஷயமே அழிந்துவிடும் என்று நினைத்த பெரிய மனிதர் ஒருவர் இதே வட்டாரத்தில் உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார். புத்தூரில் கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் வந்து 'இவன் எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது' என்கிறார். மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிடுகிறார். இருந்து அழிந்த இன்மை. தீர்ந்தது கதை என்று பார்த்தால், கிழவர் அசரவில்லை. கிழித்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார். பேக்-அப் எடுத்து வைத்த முதல் தமிழர் சிவபெருமான்தான் போலிருக்கிறது. பெரியபுராணத்தில் நான் ரசிப்பது அதற்கப்புறம் நடப்பதை. அந்த ஊர்ச் சபையார் 'பிராமணனை அடிமை என்கிறாயே, அபத்தம்' என்று விரட்டிவிடவில்லை. பாட்டனார் கையெழுத்திட்ட வேறொரு பழைய ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. தங்களுக்குப் பிடிக்காத தீர்ப்பு என்றாலும் தேடித்தான் சொன்னார்கள்.

நம் காலத்து ஓலைக்கு வருகிறேன். 2025 டிசம்பர் 19 அன்று தமிழ்நாட்டில் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வரைவு வாக்காளர் பட்டியல் வந்தது. 6 கோடியே 41 லட்சமாக இருந்த எண்ணிக்கை 5 கோடியே 43 லட்சம் ஆனது. சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. ஏறத்தாழ 27 லட்சம் பேர் இறந்தவர்கள் என்றார்கள். அந்தப் பெயர்கள் போக வேண்டியவைதான். செத்தவர் ஓட்டுப் போடுகிற ஊர் என்று நமக்கு ஒரு பெயரும் இருக்கிறது. என் உறுத்தல் மீதியில். 66 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 'இடம் பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள்' என்ற கணக்கில் வந்தார்கள். வாக்குச்சாவடி அலுவலர் மூன்று தடவை வீட்டுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. போனார் என்றே வைத்துக்கொள்வோம், பாவம் அவர்களுக்கும் பள்ளிக்கூட வேலை, அங்கன்வாடி வேலை எல்லாம் இருக்கிறது. பகலில் போய்க் கதவைத் தட்டினால், திருப்பூருக்கோ பெங்களூருக்கோ பிழைக்கப் போனவர் எப்படித் திறப்பார்? இந்தத் தரையில் இந்த நேரத்தில் இந்தக் குடம் இல்லை என்பது உண்மை. குடமே இல்லை என்பது அடுத்த படி. அந்தப் படியைத் தாண்டுவதற்கு முன் குமாரிலரின் கேள்வியைக் கேட்க வேண்டும். இருந்திருந்தால், இந்த மூன்று தடவையில் தெரிந்திருக்குமா?

பீகாரில் அதே ஆண்டு ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் பெயர்கள் வரைவுப் பட்டியலில் விடுபட்டபோது உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 14 அன்று ஓர் உத்தரவு போட்டது. விடுபட்டவர்களின் பெயர்களையும், ஏன் விடுபட்டார்கள் என்ற காரணத்தையும் வெளியிடுங்கள், வாக்காளர் அட்டை எண்ணை வைத்துத் தேடும்படி செய்யுங்கள் என்று. இருப்பவர்களின் பட்டியல் போட்டால் போதாதா, அதில் இல்லாதவர் இல்லை என்று அவரே புரிந்துகொள்ள மாட்டாரா என்று கேட்கலாம். போதாது. 'இறந்தார்' என்று எழுதியிருந்தால் நேரில் போய் நின்று மறுக்கலாம். 'இரண்டு இடத்தில் பெயர்' என்றால் இன்னொரு இடத்தைக் காட்டச் சொல்லலாம். வெறும் வெற்றிடத்தோடு யார் வாதாட முடியும்?

நேரில் போய் நின்றால் மட்டும் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? அதுவும் நியாயம்தான். உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தில் லால் பிஹாரி என்று ஒருவர். 1970களில் பாங்க் கடனுக்காகச் சான்று வாங்கப் போனபோது, வருவாய்த் துறை ரிக்கார்டில் தான் செத்துப்போயிருப்பது அவருக்குத் தெரியவந்தது. நிலத்துக்காகச் சொந்தக்காரர்கள் செய்த வேலை. ஆபீஸில் எதிரே நிற்கிறார், பேசுகிறார், கெஞ்சுகிறார். ரிக்கார்டில் இல்லை, ஆகவே இல்லை. பெயருக்குப் பின்னால் 'மிருதக்' (காலமானவர்) என்று தானே சேர்த்துக்கொண்டார். தன்னைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார். தேர்தலில் நின்றால் வேட்பாளர் என்றாவது ஒரு தாளில் எழுதுவார்களே என்று 1989இல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்து நின்றார். மனைவியை விதவை உதவித்தொகைக்கு மனுப் போடச் சொன்னார். 1994இல்தான் மறுபடி உயிர் வந்தது. ஒரு வரியைத் திருத்த ஏறக்குறைய 19 வருஷம்.

இரணியன்கூட இவர்களை விட மேல். 'எங்கேடா இருக்கிறான், இந்தத் தூணில் இருக்கிறானா?' என்று இடத்தைச் சுட்டித்தான் கேட்டான். எழுந்துபோய் அறைந்தும் பார்த்தான்.

வரைவுப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்களுக்கு என்ன வழி என்று சொல்லியிருந்தார்கள். படிவம் 6 நிரப்பி, உறுதிமொழியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். படிவம் 6 என்பது புதிய வாக்காளர்களுக்கான விண்ணப்பம். 2006இல் நெல்லிக்குப்பம் தொகுதியில் ஓட்டுப் போட்டவர், அதற்கு முன்னாலும் பல தேர்தல்களில் விரலில் மை வைத்துக்கொண்டவர், பேரனைக் கூட்டிவந்து அதை நிரப்பச் சொல்லியிருப்பார். பேரனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தால் அவனுக்கும் அதே படிவம்தான்.